ஊரடங்கில் உங்கள் அமைப்பு எப்படி இயங்கியது? பட்டவர்கள் சொல்லுங்கள்

#1 ஈரநிலம்

வணக்கம். நாங்கள் ஒரு சின்னத் தன்னார்வ அமைப்பு. பெயருக்கு முப்பது பேர், வேலை என்று வந்தால் பன்னிரண்டு பேர். மாலை நேரப் பாட வகுப்பு, வருடத்துக்கு மூன்று ரத்த தான முகாம், தனியாக வாழும் முதியவர்களை வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பது, இவ்வளவுதான் எங்கள் வேலை. 2020-ல் ஊரடங்கு வந்ததும் கதவைப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டோம். ஐந்து வாரம் கழித்துத்தான் மறுபடி ஒருவரோடு ஒருவர் பேசினோம். அதற்குள் நாங்கள் பார்த்துவந்த முதியவர்களில் ஒருவர் குளியலறையில் விழுந்து இரண்டு நாள் எழ முடியாமல் கிடந்திருக்கிறார். பிழைத்துக்கொண்டார். எங்களுக்குத்தான் அந்த இரண்டு நாள் மனதை விட்டுப் போகவில்லை.

இப்போது பொதுக்குழுவில், மறுபடி அப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்வது என்று எழுதிக்கொடு என என் தலையில் கட்டிவிட்டார்கள். தேடினால் கிடைப்பதெல்லாம் பெரிய நிறுவனங்களுக்கு எழுதியவை. பத்துப் பன்னிரண்டு பேரை வைத்துக்கொண்டு எது முடியும், எது முடியாது? அறிவுரை வேண்டாம், உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

#2 பழைய செயலாளர்

பூட்டிவிட்டுப் போனதற்கு வருத்தப்படாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் மார்ச் 11-ம் தேதி பெருந்தொற்று என்று அறிவித்தது, அடுத்த இரண்டு வாரத்துக்குள் பாதி உலகம் கதவைச் சாத்திவிட்டது. யோசிக்க யாருக்கு நேரம் இருந்தது?

நாங்கள் பூட்டவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தோம். பதினொரு பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து மளிகைப் பை கட்டினோம், வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம், திரும்பி வந்து வட்டமாக உட்கார்ந்து சேர்ந்து சாப்பிட்டோம். வெளியே போகும்போது முகக்கவசம், கையுறை எல்லாம் உண்டு. சாப்பிடும்போது கழற்றித்தானே ஆக வேண்டும்! அந்த அரை மணி நேரம் போதுமாக இருந்தது. எட்டாம் நாள் ஒருவருக்குக் காய்ச்சல், பரிசோதனையில் தொற்று உறுதி. பதினொரு பேரும் 14 நாள் வீட்டுக்குள். நாங்கள் பை கொடுத்துக்கொண்டிருந்த நூற்றுச் சொச்சம் வீடுகளுக்கு ஒரே நாளில் எல்லாம் நின்றுபோனது. ஏன் நின்றது என்று அவர்களிடம் சொல்லக்கூட ஏற்பாடு இல்லை. எங்களுக்கே பக்கத்துத் தெருப் பையன்கள்தான் சாமான் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தார்கள்.

வெளியே வந்த பிறகு இரண்டு அணியாகப் பிரிந்தோம். ஒரு அணி களத்தில் இருக்கும் வாரம் இன்னொரு அணி வீட்டில். இரண்டும் நேரில் சந்திக்கவே கூடாது, நண்பர்களாக இருந்தாலும், அண்ணன் தம்பியாக இருந்தாலும். ஒப்படைப்பு எல்லாம் போனில். சாவியை மட்டும் ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிட்டுப் போவோம். ஒரு அணிக்கு ஏதாவது ஆனால் இன்னொன்று நிற்கும் என்பதுதான் கணக்கு. ஆறு மாதத்தில் இரண்டு முறை அந்தக் கணக்கு எங்களைக் காப்பாற்றியது.

#3 மழைக்குருவி

ஊரடங்கில் நான் ஐந்து மாதம் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. ஆஸ்துமா. ஆனால் எங்கள் அமைப்பில் அதிகம் வேலை செய்தது நானும் என்னைப்போல் வீட்டில் உட்கார்ந்திருந்த நான்கு பேரும்தான் என்று தைரியமாகச் சொல்வேன். போன் வேலை.

ஆளுக்கு இருபது எண். தினமும் அதே ஆள், கிட்டத்தட்ட அதே நேரம். முதல் வாரம் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டேன். எல்லோரும் "நல்லா இருக்கேன்" என்றார்கள். அந்தக் கேள்விக்கு யாரும் வேறு பதில் சொல்வதில்லை, நான்கூட. அப்புறம் கேள்வியை மாற்றினோம். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" "மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கு? அட்டையை எடுத்து எண்ணிச் சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்." இப்படிக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். நல்லா இருக்கேன் என்று நான்கு நாள் சொன்ன ஒரு பாட்டி, ஐந்தாம் நாள் எண்ணிப் பார்த்துவிட்டு, "ரெண்டு இருக்கும்மா" என்றார்.

இன்னொன்று. வயதானவர்கள் வீட்டுக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்க விடுங்கள். என் பட்டியலில் ஒரு ஐயா ஒருமுறைகூட எடுக்கவில்லை என்று "பதில் இல்லை" கட்டத்தில் எழுதி வைத்திருந்தேன். ஒருநாள் கவனிக்காமல் விட்டுவிட்டேன், ரொம்ப நேரம் அடித்திருக்கிறது, எடுத்துவிட்டார். மூச்சு வாங்குகிறது. பின்கட்டிலிருந்து வாக்கரை வைத்துக்கொண்டு வந்து சேர அவ்வளவு நேரம் ஆகிறது. நான் தினமும் அவரைப் பாதி வழி நடக்கவிட்டுத் துண்டித்திருக்கிறேன்.

எடுக்கவே இல்லை என்றால் ஒரு மணி நேரத்துக்குள் மூன்று முறை, அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர். அதனால் ஒவ்வொரு எண்ணுக்கு எதிரிலும் பக்கத்து வீட்டு எண் கட்டாயம் வேண்டும். ஈரநிலம் சொன்ன குளியலறைச் சம்பவத்துக்கு இது ஒன்றே போதுமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். குத்திக்காட்டவில்லை.

#4 எதிர்வாதி

எல்லோரும் கோபப்படுவீர்கள், இருந்தாலும் கேட்கிறேன். ஊரடங்கு என்றால் வீட்டில் இரு என்று அர்த்தம். அதில் நான்கு பேர் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு நாற்பது வாசலுக்குப் போவது தொற்றைப் பரப்புவது இல்லையா? இதை அரசு செய்யட்டுமே. இங்கிலாந்தில் 2020 மார்ச் 24-ல் தேசிய சுகாதார சேவைக்காக இரண்டரை லட்சம் தன்னார்வலர்கள் வேண்டும் என்று கேட்டார்கள், சில நாளிலேயே ஏழரை லட்சம் பேர் பதிவு செய்தார்கள். பதிவையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. ஆரம்பத்தில் அவர்களில் நிறையப் பேருக்கு வேலையே வரவில்லை. ஆர்வம் இருக்கிறது என்பதற்காகத் தெருவில் இறங்கினால் ஆயிற்றா?

#5 பழைய செயலாளர்

எதிர்வாதி சார், உங்கள் உதாரணமே உங்களுக்கு எதிராக இருக்கிறது. ஆள் ஏழரை லட்சம் இருந்தார்கள், தேவை உள்ளவர் யார் என்ற தகவல் அவர்கள் கைக்கு வந்து சேரத்தான் நாளாயிற்று. எந்தத் திண்ணையில் யார் தனியாக இருக்கிறார் என்பது ஊருக்குள் பத்து வருடம் நடமாடியவனுக்குத்தான் தெரியும். சின்ன அமைப்புக்கு இருக்கும் ஒரே சொத்து அதுதான்.

தெருவில் இறங்குவது குறித்து நீங்கள் சொல்வது சரி. அதனால்தான் எங்கள் கதையை முதலில் சொன்னேன்.

#6 இரவுவண்டி

நான் வண்டி ஓட்டியவன். வாசலில் என்ன செய்தோம் என்று சொல்கிறேன்.

பையை வைப்பது, மணியை அடிப்பது, ஆறடிக்கு மேல் பின்னால் போய் நிற்பது, அவர்கள் எடுத்து உள்ளே வைக்கும்வரை பார்ப்பது. வைத்துவிட்டு ஓடக்கூடாது. ஒருமுறை ஓடிப்போய், மூன்று நாள் கழித்துப் பார்த்தால் பை அப்படியே இருந்தது, எறும்பு மொய்த்து. அந்த வீட்டுக்காரருக்குக் காது கேட்காது. மணி அடித்ததே தெரியவில்லை. அதற்கப்புறம் பட்டியலில் "காது கேட்காது, ஜன்னல் பக்கம் கை காட்டு" என்று ஒரு குறிப்பு சேர்த்தோம். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறவர்களுக்கு நம் முகக்கவசமே ஒரு சுவர். பெரிய எழுத்தில் நான்கைந்து அட்டை எழுதி வண்டியில் வைத்திருந்தேன். "மருந்து வேணுமா?" "நாளைக்கு வருவேன்." அது போதும்.

அனுமதிச் சீட்டு விஷயத்தில் வீம்பு காட்டாதீர்கள். உங்கள் பகுதியில் யார் கொடுக்கிறார்களோ அவர்களிடம் முதல் நாளே வாங்கிவிடுங்கள். ஆளுக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, தேதியோடு. தேதி முடிந்த சீட்டை வைத்துக்கொண்டு தடுப்பில் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறேன். வண்டியில் ஒருவருக்கு இன்சுலின் இருந்தது. உச்சி வெயில்.

#7 மாத்திரைப்பெட்டி

இரவுவண்டி, அந்த இன்சுலினை என்ன செய்தீர்கள்? பயமாக இருக்கிறது :)

மருந்துக்கடையில் இருபது வருடமாக நிற்கிறேன், அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். திறந்ததை, வெயில் படாத இடமாக இருந்தால் சாதாரண அறை வெப்பத்தில் பெரும்பாலும் 28 நாள்வரை வைத்துக்கொள்ளலாம் (வகைக்கு வகை மாறும், பெட்டியில் எழுதியிருப்பதைப் பாருங்கள்). உறைந்துபோனால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஐஸ் கட்டியின் மேலேயே வைத்துக் கொண்டுபோகிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். நடுவில் ஒரு துணி வேண்டும்.

பெயரைச் சொல்லி மருந்து வாங்காதீர்கள். போனில் "சர்க்கரை மாத்திரை, வெள்ளையா வட்டமா இருக்கும்" என்பார்கள். வெள்ளையாக வட்டமாக இருப்பது கடையில் பாதி. மருந்துச் சீட்டையும் பழைய அட்டையையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கேமரா போன் இல்லாதவர்கள் அட்டையையே ஒரு கவரில் போட்டு வாசலில் வைக்கட்டும். 500 மில்லிகிராமா 1000 மில்லிகிராமா என்பதில்தான் எங்கள் கடைக்கு வந்த தன்னார்வலர்கள் அடிக்கடி தடுமாறினார்கள். 500 இல்லை, 1000 இருக்கிறது, பாதியாக உடைத்துச் சாப்பிடச் சொல்லிவிடலாமா என்று ஒரு பையன் கேட்டான். நல்ல எண்ணம்தான். ஆனால் சில மாத்திரைகளை உடைக்கவே கூடாது, மெதுவாகக் கரைய வேண்டியது மொத்தமாக உடம்பில் இறங்கிவிடும். அந்த முடிவை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ விட்டுவிடுங்கள்.

டயாலிசிஸ் நோயாளிகளைத் தனிப் பட்டியலாக வையுங்கள். பொதுவாக வாரம் மூன்று முறை போக வேண்டியவர்கள், ஒருமுறை தவறினாலே கஷ்டம். அவர்களுக்கு வேண்டியது பை இல்லை, வண்டி.

ஆக்ஸிமீட்டர் (விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் கருவி) இரவல் கொடுத்தீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. நகப்பூச்சு இருந்தாலும் விரல் ஜில்லென்று இருந்தாலும் எண் தப்பாக வரும். கறுத்த தோலில் உண்மையில் இருப்பதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்று 2020 கடைசியில் வந்த ஒரு ஆய்வு சொன்னது, அடுத்த வருடம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் எச்சரித்தது. எண் நன்றாகத்தானே இருக்கிறது என்று மூச்சுத் திணறுகிறவரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள்.

#8 இரவுவண்டி

இன்சுலின் தப்பித்தது. ஈரத் துண்டில் சுற்றி வண்டி இருக்கைக்கு அடியில் வைத்திருந்தேன். ஆனாலும் கொடுக்கும்போது நடந்ததைச் சொல்லிவிட்டேன், அவர் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான் போட்டார்.

#9 கணக்குப்பிள்ளை

பணம் பற்றி யாரும் பேசவில்லையே. எப்போதும் இப்படித்தான்.

அவசரத்தில் ஒருவருடைய சொந்த வங்கிக் கணக்குக்குப் பணம் வாங்க ஆரம்பிப்பீர்கள். வேண்டாம். அந்த ஆள் எவ்வளவு உத்தமராக இருந்தாலும் ஆறாம் மாதம் அவரைப் பற்றி ஒரு பேச்சு வரும், அவர் அமைப்பைவிட்டே போய்விடுவார். எங்களில் நல்ல மனுஷன் ஒருவரை அப்படித்தான் இழந்தோம். கணக்கில் கடைசியில் ஒரு காசு குறையவில்லை.

அமைப்பின் பெயரில் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, ரசீதை அன்றன்றைக்கே போட்டோ எடுத்துக் குழுவில் போடுவது. வாரம் ஒருமுறை வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, கையில் எவ்வளவு என்று மூன்று வரி, நன்கொடை கொடுத்த எல்லோருக்கும். நீண்ட அறிக்கையை யாரும் படிப்பதில்லை.

அப்புறம் பயனாளிகள் போட்டோ. நன்கொடையாளர்கள் கேட்பார்கள். கொடுக்காமல் இருக்க முடியாது, அதையும் திட்டத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

#10 ஜன்னலோரம்

இந்த இடத்தில் நான் பேசியாக வேண்டும். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவள். நான் கொடுத்த பக்கம் இல்லை, வாங்கிய பக்கம்.

இரண்டு மாதம் சம்பளம் நின்றுபோனது. ஒரு அமைப்பு பை கொண்டுவந்தது. வாசலில் நின்று பையின் ஒரு காதை நான் பிடிக்க, இன்னொரு காதை அவர் பிடிக்க, "கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்கம்மா" என்றார் போன் வைத்திருந்தவர். முகக்கவசத்தை இறக்கச் சொன்னார், முகம் தெரிய வேண்டுமாம். நோயிலிருந்து காக்கப் போட்டதை போட்டோவுக்காக இறக்கினேன். அந்தப் படம் சுற்றிச் சுற்றி என் மகள் படிக்கும் வகுப்புக் குழுவுக்கே வந்து சேர்ந்தது. அடுத்த முறை அவர்கள் வந்தபோது நான் கதவைத் திறக்கவில்லை. பை தேவைப்பட்டது. திறக்கவில்லை.

இரண்டாவது விஷயம், எல்லாப் பையிலும் ஒரே சாமான். எங்கள் வீட்டில் மூன்று பெண்கள். மாதவிடாய்க்கு நாப்கின் ஒரு பையிலும் இல்லை. கட்டியவர்கள் எல்லோரும் ஆண்கள் என்று நினைக்கிறேன். கேட்பதற்கு ஒரு எண்ணும் கொடுக்கவில்லை, கொடுத்திருந்தாலும் எடுப்பது ஆணாக இருந்தால் கேட்டிருக்க மாட்டேன்.

#11 கணக்குப்பிள்ளை

அம்மா, மன்னியுங்கள். நான் எழுதியதை எடுக்கவில்லை, மற்றவர்களும் பார்க்கட்டும். ஆனால் திருத்திக்கொள்கிறேன். அடுக்கிய பைகளைப் படம் எடுக்கலாம், ரசீதைப் படம் எடுக்கலாம். முகம் வேண்டாம்.

#12 எதிர்வாதி

அப்படிச் சட்டென்று விட்டுவிட முடியுமா? முகம் இல்லாத படத்தை வைத்து எவனும் எதையும் காட்டலாம். ஏமாற்றுக்காரர்கள் நிறைய இருந்தார்களே அந்தச் சமயத்தில்.

#13 பழைய செயலாளர்

இருந்தார்கள், மறுக்கவில்லை. நாங்கள் நன்கொடையாளர்களிடம், சந்தேகம் இருந்தால் நீங்களே ஒருநாள் வந்து போன் வேலையில் உட்காருங்கள் என்று சொன்னோம். ஆறு பேர் கேட்டார்கள், இரண்டு பேர் வந்தார்கள், ஒருவர் கடைசிவரை இருந்துவிட்டார். படம் கொடுக்காததால் நின்றுபோன நன்கொடையும் உண்டு. ஒரு பெரிய தொகை. போகட்டும் என்று விட்டோம்.

#14 செங்குருதி

ரத்த தானம் பற்றி ஈரநிலம் முதலிலேயே சொல்லியிருந்தார், யாரும் தொடவில்லை. ஊரடங்கில் முகாம் நின்றால் அடி எங்கே விழும் என்றால் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களில். சிவப்பணுவை 42 நாள்வரை வைக்கலாம். தட்டணு சாதாரணமாக ஐந்து நாள்தான். போன மாதம் கொடுத்ததை இந்த மாதம் பயன்படுத்த முடியாது. தலசீமியா என்ற பிறவி ரத்த நோய் உள்ள குழந்தைகளுக்கோ சில வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியே ஆக வேண்டும், ஊரடங்கு என்றெல்லாம் பார்க்காது.

முகாமை விட்டுவிட்டு நேரம் பிரித்துக் கொடுத்தோம். அரை மணிக்கு இரண்டு பேர், நேரே ரத்த வங்கிக்கு. ரத்த வங்கியே ஒரு கடிதம் கொடுத்தது, அதைத் தடுப்பில் காட்டினால் விட்டார்கள். எங்களிடம் இருந்ததெல்லாம் கொடையாளர் பட்டியலும் கடைசியாக அவர்கள் கொடுத்த தேதியும். இவர் கொடுத்து மூன்று மாதம் ஆகிவிட்டதா என்று பார்த்துப் பார்த்து அழைப்பது. முகாம் நடத்திய காலத்தைவிட ஆள் குறைவு, ஆனால் ஒரு நாள்கூட வெறும் நாளாகப் போகவில்லை.

#15 மழைக்குருவி

ஜன்னலோரம் எழுதியதைப் படித்துவிட்டு இன்னொன்று ஞாபகம் வந்தது. போனில் பெண்கள் சில சமயம் வேறு மாதிரிப் பேசுவார்கள். ஒரே வார்த்தையில் பதில். பின்னால் ஒரு ஆண் குரல். ஊரடங்கு என்பது சிலருக்கு அடிக்கிறவரோடு ஒரே வீட்டில் பூட்டி வைக்கப்படுவது. 2020 ஏப்ரல் தொடக்கத்திலேயே ஐ.நா. பொதுச் செயலாளர் இதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியிருந்தது. ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் மருந்துக்கடைக்குப் போய் "முகக்கவசம் 19" என்று கேட்டால் கடைக்காரர் புரிந்துகொண்டு உதவிக்கு அழைக்கிற ஏற்பாடு அப்போது இருந்தது. நாங்கள் அதைப் பார்த்துதான், ஆமாம் இல்லை என்று மட்டும் பதில் சொல்கிற மாதிரிக் கேள்விகளை வைத்துக்கொண்டோம். "இப்ப பேச முடியுமா? சாயங்காலம் கூப்பிடட்டுமா?" அவ்வளவுதான். நாங்களே போய்த் தலையிடவில்லை, அதற்குப் பயிற்சி பெற்றவர்களின் எண்ணைக் கையில் வைத்திருந்தோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2011 உளவியல் முதலுதவி வழிகாட்டியில் மூன்று சொல் வரும். பார், கேள், இணை. இணை என்பதைத்தான் தன்னார்வலர்கள் மறந்துவிடுகிறார்கள், எல்லாவற்றையும் நாமே தீர்க்கப் பார்ப்போம்.

#16 இரவுவண்டி

ஒரு சின்ன விஷயம். கிருமிநாசினி தெளிக்கிறேன் என்று ஆட்கள் மேல் அடிக்காதீர்கள். எங்கள் ஆட்கள் வாசலில் ஒரு வளைவு கட்டி, உள்ளே வருகிறவர்களை நனைத்துக்கொண்டிருந்தார்கள், நானும் பெருமையாக நனைந்தேன். கண் இரண்டு நாள் எரிந்தது. மே 2020-ல் உலக சுகாதார நிறுவனமே எந்தச் சூழ்நிலையிலும் மனிதர்கள் மேல் தெளிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. பிளீச்சிங்கோடு கழிப்பறை ஆசிட்டையும் கலந்து வைத்திருந்தான் ஒரு அறிவாளி. அது விஷவாயு. நல்லவேளை திறந்த வெளி.

#17 பழைய செயலாளர்

கடைசியாக ஒன்று, ஈரநிலம் எழுதிக்கொடுக்கும் தாளில் இது இருக்கட்டும். யார் எப்போது ஓய்வு எடுக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். முடியவில்லை என்று தன்னார்வலர் வாயால் சொல்ல மாட்டார். ஒருநாள் போனை அணைத்துவிடுவார், அவ்வளவுதான். எங்களில் மூன்று பேர் அப்படிக் காணாமல் போனார்கள். ஒருவர் வீட்டுக்குப் போய்க் கேட்டபோது, "போன் மணி அடிச்சாலே வயித்தைக் கலக்குது" என்றார். அவருக்கு நாங்கள் விடுப்பே கொடுத்ததில்லை. அவரும் கேட்டதில்லை.

#18 ஈரநிலம்

எல்லோருக்கும் நன்றி. நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன், பாதியை அடித்துவிட்டேன். பை கட்டுவது பற்றி மட்டும் மூன்று பக்கம் இருந்தது.

மழைக்குருவி சொன்னதை வைத்து நேற்று மாலை எங்கள் முதியோர் பட்டியலை எடுத்து உட்கார்ந்தேன். மொத்தம் 64 எண். ஒவ்வொன்றையும் பன்னிரண்டு முறை மணி அடிக்கும்வரை விட்டேன். 17 எண் புழக்கத்திலேயே இல்லை. ஒன்பதில் வேறு யாரோ எடுத்தார்கள். இரண்டு பேர் இறந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது, எங்களுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு எண் ஒருவருக்குக்கூட எங்களிடம் இல்லை.

குளியலறையில் விழுந்த அந்த அம்மாவையும் அழைத்தேன். பதினோராவது மணியில் எடுத்தார். பக்கத்து வீட்டு எண் கேட்டேன். "இரு, மூக்குக்கண்ணாடியை எடுத்துட்டு வரேன்" என்று போனவர் வர ஆறு நிமிடம் ஆயிற்று. காத்திருந்து எழுதிக்கொண்டேன்.

#19 மழைக்குருவி

சொல்லும்போதே அந்த எண்ணுக்கும் ஒருமுறை அடித்துப் பார்த்தீர்களா?

#20 ஈரநிலம்

இல்லை. இதோ அடிக்கிறேன்.